முட்டி வலிக்கு எந்தப் பழைய கார்? அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு: ஓர் ஒப்பீடு

பழைய கார்களை ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் எந்த வருஷத்து மாடல், பெயின்ட் ஒரிஜினலா, இன்று என்ன விலைக்குப் போகும் என்றுதான் பார்க்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. 35 வயதில் ஆசைப்பட்டு வாங்கிய காரை 65 வயதிலும் விடாமல் வைத்திருக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வாங்கிய நாளில் கண்ணிலேயே படாத சங்கதிகள் இப்போது பெரிதாகத் தெரிகின்றன. ஸீட் எவ்வளவு தாழ்வு, கிளட்ச் எவ்வளவு கனம், பானெட்டுக்குள் எவ்வளவு தூரம் குனிய வேண்டும் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

அதனால் இங்கே அழகுக்கு மதிப்பெண் கிடையாது. 60 வயதைத் தாண்டியவர் சொந்தமாக வைத்து ஓட்ட, நம் ஊரில் அதிகம் புழங்கிய மூன்று கார்களில் எது தேவலை என்பதுதான் கேள்வி. நான் பத்மினிக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

மூன்று பேரின் ஜாதகம் சுருக்கமாக. அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸின் வழி வந்தது. கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரானது. பத்மினியின் பூர்வீகம் இத்தாலியின் ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி தயாரித்தது. 1964இல் ஃபியட் டிலைட் என்று வந்த அதே உடம்புதான் 1970களில் பத்மினி ஆனது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த பிரிட்டிஷ் ட்ரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் பத்து வருஷம் சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் தயாரித்தார்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

இதில் அம்பாசடரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காரின் உயரம் சுமார் 1.6 மீட்டர். கூரையும் உயரம், ஸீட்டும் உயரம். தலையைக் குனியாமல், முட்டியை அதிகம் மடக்காமல், திண்ணையில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிடலாம். எழுந்திருப்பதும் அப்படியே. பழைய மாடல்களில் முன்பக்கமும் பெஞ்சு ஸீட், கியர் ஸ்டீயரிங்கோடு இருப்பதால் நடுவில் எதுவும் தடுக்காது. பஸ்களும் ஆட்டோக்களும் உரசிக்கொண்டு போகிற தெருவில், வலது கதவைத் திறக்காமலே இடது பக்கம் நகர்ந்து நடைபாதையில் இறங்கிவிடலாம். இந்த வசதியின் அருமை வயதானால்தான் தெரியும்.

பத்மினி சுமார் 1.47 மீட்டர். உட்காருவதில் சிரமம் இல்லை, ஆனால் கால் வைக்கிற இடம் குறுகல். உயரமான ஆள் என்றால் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும். டிலைட்டுக்கு முந்தைய ஃபியட் 1100களில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவைத் திறந்து, முதுகைக் காட்டி ஸீட்டில் அமர்ந்து, அப்புறம் காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். முட்டி வலிக்காரருக்கு இதைவிட நல்ல கதவு கிடையாது. ஓடும்போது தாழ்ப்பாள் விட்டுப்போனால் காற்று அந்தக் கதவை அப்படியே விரித்துவிடும் என்ற பயத்தில் அந்த அமைப்பையே பிறகு கைவிட்டார்கள்.

ஹெரால்டுக்கு இந்தப் பாடத்தில் பெயில் மார்க்தான். உயரம் சுமார் 1.3 மீட்டர், ஸீட் தரையை ஒட்டி இருக்கும். இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்து உடம்பை மேலே தூக்க வேண்டும். இரண்டு கதவு மாடல் என்றால் பின்ஸீட்டுக்குப் போகிறவர் முன்ஸீட்டை மடித்து நுழைய வேண்டும். மாமியாரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிற கார் இது இல்லை. நான்கு கதவுகளோடு பின்னால் வந்த மார்க் 3 கொஞ்சம் பரவாயில்லை.

தோள், முட்டி, பாதம்

ஓட்ட ஆரம்பித்ததும் தரவரிசை தலைகீழாகிவிடுகிறது. ஹெரால்டின் ஸ்டீயரிங் அற்புதம். முன்சக்கரங்கள் அவ்வளவு கோணத்துக்குத் திரும்புவதால் சுமார் 7.6 மீட்டர் வட்டத்துக்குள் வண்டி முழுசாகச் சுற்றிவிடும். மயிலாப்பூர் மாட வீதி மாதிரி இடங்களில் முன்னே பின்னே போய் மல்லுக்கட்ட வேண்டாம். எடையும் குறைவு, கை வலிக்காது.

அம்பாசடர் அப்படியில்லை. எடை 1,100 கிலோவுக்கு மேல். ஓடும்போது ஸ்டீயரிங் சாதுதான். நிறுத்தும் இடத்தில் ஊர்ந்துகொண்டே திருப்பும்போதுதான் தோள்பட்டை பதில் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்து மாடல்கள் சிலவற்றில் பவர் ஸ்டீயரிங் வந்தது. பழையவற்றில், சின்னக் கார்களிலிருந்து கழற்றிய எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கைச் சிலர் பொருத்திக்கொள்கிறார்கள். அது பல ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். காரில் மின்சாரம் தயாரிக்கும் பழைய டைனமோ தாங்காது, அதைவிட அதிகம் தருகிற ஆல்டர்னேட்டரும் போட வேண்டும். ஒரிஜினாலிட்டி போச்சு என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஷெட்டில் ஒரிஜினலாக நிற்கிற காரைவிட, கொஞ்சம் கெட்டுப்போய் ரோட்டில் ஓடுகிற கார் மேல் என்பது என் கட்சி.

பத்மினி 900 கிலோவுக்குள் அடங்கும், டயரும் ஒல்லி. ஸ்டீயரிங் லேசு. ஸ்டீயரிங் பெட்டி தேய்ந்துவிட்டால் சக்கரம் திரும்புவதற்கு முன் கை பாதி வட்டம் போட வேண்டியிருக்கும், ஆனால் அது சரிசெய்யக்கூடிய கோளாறு.

கியருக்கு வருவோம். பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, இடது கைப்பக்கம். இளவயதில் ஸ்டைலாகத் தெரிந்த அதே கியர், தோள்பட்டை இறுகிப்போனவருக்கு நரகம். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இந்த இறுக்கம் அதிகம் வரும். ஒவ்வொரு கியருக்கும் கையை மார்பு உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஹெரால்டில் கியர் தரையில், கையைத் தொங்கவிட்டபடியே மாற்றலாம். 1990களில் இசுசு எஞ்சினோடு வந்த அம்பாசடரிலும் தரைக் கியர்தான், ஐந்து கியர் வேறு.

இன்னொன்று, மூன்றின் பழைய மாடல்களிலும் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது ஓடும்போதே கியர் உரசாமல் விழச் செய்யும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுசாக நின்றால்தான் முதல் கியர் சத்தமில்லாமல் விழும். ஊர்ந்து ஊர்ந்து போகிற கிண்டி டிராஃபிக்கில் இடது முட்டிக்கு இதுதான் பெரிய தண்டனை. பிரேக்கும், மிதிக்கிற பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டர் இல்லாத டிரம் பிரேக், பாதத்தின் பலம் முழுவதும் வேண்டும். இந்தக் கணக்கில் கார் லேசாக இருப்பதே லாபம், பத்மினியும் ஹெரால்டும் ஜெயிக்கின்றன.

கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் ரிவர்ஸ் எடுப்பதையும் யோசிக்க வேண்டும். அம்பாசடரின் பின்கண்ணாடி சின்னது, பின்புறம் எங்கே முடிகிறது என்பதே ஊகம்தான். பத்மினியிலும் ஹெரால்டிலும் தூண்கள் ஒல்லி, கண்ணாடி அகலம், பின்மூலைகளில் வால்சிறகு மாதிரி எழும்பி நிற்பதால் வண்டி எங்கே முடிகிறது என்று தெரியும்.

பானெட்டைத் திறந்தால்

ஹெரால்டு வைத்திருக்கிறவர்கள் ஏன் அதை விற்க மறுக்கிறார்கள் என்பது பானெட்டைத் திறந்தால்தான் புரியும். பானெட் மட்டும் இல்லை, இரண்டு மட்கார்டுகளும் முகப்பும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துகொள்ளும். எஞ்சின், கார்புரேட்டர், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, டீயைக் குடித்தபடி வேலை பார்க்கலாம். குனிய வேண்டியதே இல்லை. இடுப்பு வலிக்காரருக்காகவே யோசித்துச் செய்த கார் ஒன்று உண்டென்றால் இதுதான். உட்காரும்போது வாங்கிய பெயில் மார்க்கை இங்கே ஈடுகட்டிவிடுகிறது.

ஒரு ரகசியம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ட்ரனியன் என்ற திரும்பும் மூட்டுக்கு கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். விஷயம் தெரியாத சர்வீஸ் ஸ்டேஷனில் மற்ற கார்களைப் போலவே கிரீஸ் அடித்து அனுப்புவார்கள். உள்ளே உராய்வு கூடித் தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும்.

அம்பாசடரில் அகலமான மட்கார்டுக்கு மேலே சாய்ந்து, ஆழத்தில் கையை விட வேண்டும். பத்மினி நடுத்தரம். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் வைப்பது எந்தக் காரிலும் வயதானவருக்குச் சோதனைதான். இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். அதை வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையில் டார்ச் பிடித்துப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட் ஒன்றை மூடிக்குள் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. அதேபோல ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும், இந்த வயதில் எலும்பு சேர நாளாகும்.

கூடவே வயதாகிற மெக்கானிக்

ஸ்பேர் கிடைப்பதில் அம்பாசடர் இன்னும் ராஜா. 2014 வரை தயாரானதால் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் ஏதாவது அகப்படும். பத்மினிக்கு நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. மும்பை டாக்ஸிகள்தான் அதன் ஸ்பேர் சந்தையைத் தாங்கிப் பிடித்தன. கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போனது. வாங்க ஆளில்லாத ஸ்பேரை யார் தயாரிப்பார்கள்? ரப்பர் சாமான்கள், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு போன்றவற்றை இப்போதே இரண்டு செட் வாங்கி வைப்பது நல்லது.

ஹெரால்டுக்கு வேடிக்கையான நிலை. பிறந்த ஊரான சென்னையில் ஸ்பேர் அரிது. ஆனால் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு பிரியர்கள் ஏராளம் என்பதால் எஞ்சின், சஸ்பென்ஷன் சாமான்கள் அங்கே புதிதாகவே கிடைக்கின்றன. சுங்க வரி கட்டி வரவழைக்கலாம். நான்கு கதவு உடம்பு மட்டும் பிரிட்டனில் வந்ததே இல்லை. அந்தப் பின்கதவு நசுங்கினால் நல்ல டிங்கர்தான் கதி.

நல்ல டிங்கர், நல்ல மெக்கானிக் கிடைப்பதுதான் மூன்றுக்கும் பொதுவான கவலை. சத்தத்தை வைத்தே எஞ்சினுக்குள் வால்வைத் தள்ளும் டேப்பட் தளர்ந்திருக்கிறதா என்று சொல்கிற ஆட்களுக்கும் நம் வயதுதான், சிலருக்கு அதற்கும் மேல். அவர்கள் பட்டறையில் வேலை கற்கும் பையன்கள் குறைவு. ஸ்கேனரைச் செருகிக் கோளாறைக் கண்டுபிடிக்கப் பழகிய பையனுக்கு, செருகவே இடமில்லாத கார் புதிராகத்தான் இருக்கும். அம்பாசடருக்கு மதுரையோ திருச்சியோ, எங்கே நின்றாலும் தெரிந்த ஆள் ஒருவர் அகப்படுவார். ஹெரால்டுக்கு நீங்களே பாதி மெக்கானிக்காக இருந்தால்தான் சரிப்படும்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் டயாஃப்ரத்தையும் அது இளக்கிவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற காரில் டேங்கின் அடியில் தண்ணீர் சேரும். வாரம் ஒரு முறையாவது எடுத்து ஓட்டுங்கள், ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். மைலேஜ் கணக்கு பார்ப்பவர் இந்த மூன்றில் எதையும் வாங்கியிருக்க மாட்டார், அதை விட்டுவிடலாம்.

என் கட்சி

60இலிருந்து 70 வரை, தானே ஓட்ட விரும்புகிறவருக்குப் பத்மினி. எதிலும் முதலிடம் இல்லை, எதிலும் கடைசியும் இல்லை. முட்டி நன்றாக இருந்து இடுப்புதான் தகராறு என்றால், கையில் ஸ்பேனர் பிடிக்கும் ஆசையும் இருந்தால், ஹெரால்டு. தோள் இறுகியிருந்தால் பழைய அம்பாசடரைத் தொடாதீர்கள், இசுசு எஞ்சின் மாடலைத் தேடுங்கள். 75ஐத் தாண்டி, வேறொருவர் ஓட்ட நீங்கள் உட்கார்ந்து வருவதானால் அம்பாசடர்தான், யோசிக்கவே வேண்டாம். அதன் பின்ஸீட்டுக்கு அந்தக் காலத்து மந்திரிகளே சாட்சி. எந்தக் காரானாலும் பொழுது சாய்ந்தபின் எடுக்காதீர்கள். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது, டைனமோ காரின் விளக்கோ சிக்னலில் நிற்கும்போது இன்னும் மங்குகிறது. இரண்டும் சேரக் கூடாது.

காகிதங்கள்

ஆர்சி புதுப்பிப்பு 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. 2022இல் காருக்கு 5,000 ரூபாயாக உயர்ந்த கட்டணம், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ரூபாயாகிவிட்டது. உங்கள் லைசென்ஸும் 55 வயதுக்குப் பிறகு ஐந்தைந்து வருஷத்துக்குத்தான், டாக்டர் சான்றிதழோடு. 50 வயது தாண்டிய, அதிகம் மாற்றாத காரை விண்டேஜ் என்று தனியாகப் பதியவும் 2021இலிருந்து வழி உண்டு. நம்பரில் விஏ என்று வரும், 10 வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், சர்வீஸ் தவிர அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. காய்கறி வாங்கப் போகிறவருக்கு அது சரிவராது.

அதே 2021இலிருந்து ஆர்சியில் நாமினி பெயரும் சேர்க்கலாம். உரிமையாளர் காலமானால், நாமினி 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பெயரை எழுதுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் கார் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாமல், நீங்கள் ஓட்டிக் காட்ட முடிகிற காலத்திலேயே பிரியமான வேறு ஆளுக்கு விற்றுவிடலாம். ஓடுகிற காருக்கும் ஷெட்டில் நிற்கிற காருக்கும் விலையில் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. வேண்டும் என்றால், ட்ரனியனுக்கு என்ன ஊற்ற வேண்டும் என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.