வில்லா, கட்டைவிரலா? கையால் செய்த இரண்டு மடக்குக்கத்திகள்

மடக்குக்கத்தி எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் அலகும் பிடியும் சேரும் மூட்டைத்தான் பார்ப்பேன். விரித்தால் அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. மடக்கினால் இரண்டு பக்கத் தகட்டையும் தொடாமல் நட்டநடுவில் போய் உட்கார வேண்டும். அலகைப் பளபளவென்று தீட்டிக் காட்ட மெஷினே போதும். மூட்டை இப்படி அமைக்க, கொல்லரின் கையும் கண்ணும் சேர்ந்து உழைத்தாக வேண்டும்.

இந்த ஒரே மூட்டுக்கு இரண்டு ஊர்கள் நேரெதிரான விடை கண்டிருக்கின்றன. ஒன்று தெற்குப் பிரான்சில் ஓப்ராக் மேட்டுநிலத்தில் இருக்கும் லாக்கியோல் (ஊர்க்காரர்கள் வாயில் அது ‘லயோல்’). மற்றது ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், தச்சுக் கருவிகளுக்குப் பேர்போன மிகி. அங்கே செய்யும் கத்தியின் பெயர் ஹிகோனோகாமி.

ஊர்ப் பெயரையே கொண்ட லயோல், மாடு மேய்ப்பவர்களின் கத்தி. 1829 வாக்கில் பியேர் ழான் கால்மெல் என்ற கொல்லர் தொடங்கிவைத்தார் என்பார்கள். பிறகு அலகோடு ஒரு கூரான துளையூசியும் சேர்ந்தது. மாட்டுக்கு வயிறு உப்பினால் குத்திக் காற்றை வெளியேற்றவும் அது உதவியது. அந்தப் பகுதி ஆட்கள் பாரிஸுக்குப் பிழைக்கப் போய்க் காபிக்கடை நடத்தத் தொடங்கிய காலத்தில் ஒயின் பாட்டில் தக்கையை இழுக்கும் திருகும் வந்தது.

இதன் உயிர் முதுகில் ஓடும் எஃகு வில், அதாவது ஸ்பிரிங். அலகின் அடிப்பாகத்தை அந்த வில் அழுத்திக்கொண்டே இருக்கும். விரித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் அலகு அசையாது. பூட்டு எதுவும் கிடையாது, வில்லின் இழுப்பு மட்டும்தான். ஆகவே இழுப்பு அளவாக இருக்க வேண்டும். கூடினால் நகம் பிய்யும், குறைந்தால் வேலை நடுவே அலகு மடங்கும். நல்ல பட்டறைகளில் ஒருவரே ஒரு கத்தியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பொருத்துகிறார். பொருத்துவார், கழற்றுவார், அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார், மறுபடி பொருத்துவார். வில்லின் முதுகில் தெரியும் பூவேலையும் அதே அரத்தால் கையால் அறுத்தது. கத்திக்குக் கத்தி மாறும்.

வில்லின் தலையில் ஒரு தேனீ இருக்கும். நெப்போலியன் கொடுத்த சின்னம் என்று கடைகளில் கதை சொல்வார்கள், நம்ப வேண்டாம். தேனீ வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆனால் தரம் பார்க்க அது நல்ல இடம். உயர்ந்த வேலையில் தேனீயும் வில்லும் ஒரே எஃகுத் துண்டில் அடித்தவை. மலிவானதில் தனியே செய்து வெல்டிங் வைத்திருப்பார்கள், உற்றுப் பார்த்தால் ஒட்டு தெரியும். அந்தப் பெயர் நெடுங்காலம் சட்டக் காப்பு இல்லாமல் கிடந்ததால், எங்கெங்கோ செய்த கத்திகளிலும் ‘லாக்கியோல்’ என்று பொறித்திருக்கும். அப்படி ஒன்று ஒரு கடையில் என் கைக்கு வந்தது. மடக்கியதும் அலகு இடப்பக்கத் தகட்டில் சாய்ந்து கிடந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பிடிக்குக் கொம்பு, எலும்பு, ஆலிவ், ஜூனிப்பர் என்று பல உண்டு. கொம்பானால் நுனிப்பகுதியைக் கேளுங்கள். மாட்டுக்கொம்பு அடியில் பொள்ளல், நுனியில்தான் முழுக்கக் கெட்டி.

சரி, ஹிகோனோகாமி. 1890களில் பிறந்தது. இதில் வில்லே இல்லை. பித்தளைத் தகடு ஒன்றை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் பிடி முடிந்தது. ஒரு முனையில் ரிவெட், அதில் அலகு. அலகின் அடியில் வால் போல ஒரு துண்டு வெளியே நீளும், பெயர் சிக்கிரி. வெட்டும்போது கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருக்கும். அலகைத் திறந்தபடி நிறுத்துவது உங்கள் விரல்தான். தளர்ந்தால் ரிவெட்டைச் சுத்தியால் லேசாகத் தட்டினால் போதும்.

பிடியில் மிச்சப்படுத்திய உழைப்பெல்லாம் அலகுக்குப் போயிருக்கிறது. நல்ல ஹிகோனோகாமியில் நடுவே அவோகாமி எஃகு, இரு பக்கமும் மெத்தென்ற இரும்பு. ஆலையில் சுற்றிக் கொடுத்த நீலத் தாளால் வந்த பெயர் அவோகாமி. அந்த எஃகில் கரி (கார்பன்) 1 சதவீதத்துக்கு மேல், கொஞ்சம் டங்ஸ்டன். லயோலில் அதிகம் புழங்கும் 12சி27 எஃகில் கரி 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். அது துருவுக்கு அஞ்சாது, ஆனால் அவோகாமி அளவுக்குக் கடினமாகாது.

மாங்காய் நறுக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவோகாமி அலகு தோலில் வைத்ததும் தானே இறங்கும். ஆனால் பத்துத் துண்டுக்குள் அலகில் நீலமும் சாம்பலுமாக நிறம் படரும், துண்டில் இரும்பு வாடை ஏறும். துடைக்காமல் வைத்தால் மறுநாள் காலை செம்புள்ளி. கடலோர ஊர் என்றால் எண்ணெய்த் துணி பக்கத்திலேயே இருக்க வேண்டும். 12சி27 அலகைக் கழுவித் துடைத்தால் முடிந்தது. சாணைக்கல்லிலோ நிலை தலைகீழ். வெட்டுவாயின் சரிவு அகலமாக இருப்பதால் ஹிகோனோகாமி அலகு கல்லில் தானே படிந்து உட்காரும், புதிதாகப் பழகுகிறவரும் சரியான சாய்வில் தீட்டிவிடலாம்.

1960இல் அசனுமா என்ற அரசியல்வாதி மேடையில் குத்திக் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகளிடமிருந்து கத்தியை விலக்கும் இயக்கம் ஜப்பானில் பரவியது. அதுவரை மாணவர்கள் பென்சில் சீவிய கத்தி ஹிகோனோகாமி. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின, இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமை நாகாவோ குடும்பத்திடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

என் தேர்வு இதுதான். வெட்டுவதற்கென்றால் யோசிக்காமல் ஹிகோனோகாமி. நல்ல லயோல் ஒன்றின் விலையில் பல வாங்கலாம். ஒரு மனிதரின் கைவேலையைச் சட்டைப்பையில் வைத்திருக்க ஆசையென்றால், ஒற்றைத் துண்டுத் தேனீயும் கொம்புநுனிப் பிடியும் உள்ள லயோல். பணம் கொடுக்கும் முன் மடக்கிய கத்தியைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அலகின் இரு பக்கமும் ஒரே அகலத்தில் வெளிச்சக் கீற்று விழ வேண்டும்.