நிக், ஏஞ்சல், மிக்: காட்டேரித் துப்பறிவாளர் மூவரில் யாரைப் பார்ப்பது?

ரத்தம் குடித்துப் பிழைக்கும் ஒருவன், செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் துப்பறியும் வேலைக்குப் போகிறான். இந்த ஒரு வரிக் கதையை வைத்து வட அமெரிக்காவில் மூன்று தொடர்கள் வந்திருக்கின்றன. 1992-இல் டொராண்டோவில் நடக்கும் 'ஃபாரெவர் நைட்', 1999-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கும் 'ஏஞ்சல்', 2007-இல் அதே ஊரில் நடக்கும் 'மூன்லைட்'. மூன்றுக்கும் விடாப்பிடியான ரசிகர்கள் உண்டு. எதை மட்டமாகச் சொன்னாலும் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார். 'பிளட் டைஸ்' என்று இன்னொரு கனடியத் தொடரும் இருக்கிறது. ஆனால் அதில் துப்பறிபவள் மனுஷி, காட்டேரி வெறும் கூட்டாளி. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

'ஏஞ்சல்தான் பெஸ்ட்' என்று சொல்லி முடித்துவிடலாம். என் தீர்ப்பும் ஏறக்குறைய அதுதான். ஆனால் நல்ல துப்பறியும் கதை வேண்டும் என்று யாராவது கேட்டால் ஏஞ்சலைக் கைகாட்ட மாட்டேன். கடைசி எபிசோட்கள் வரைக்கும் பேசப்போகிறேன். கதை தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் நேராகக் கடைசி இரண்டு பத்திகளுக்குப் போய்விடுங்கள்.

முதலில் அவரவர் பாவம். 'ஃபாரெவர் நைட்' நாயகன் நிக் நைட் சிலுவைப்போர் காலத்து வீரன். 1228-இல் லாக்ருவா என்பவன் அவனைக் காட்டேரி ஆக்குகிறான். நூற்றாண்டுக் கணக்கில் வேட்டையாடிவிட்டு, ஒரு கட்டத்தில் தானாகவே 'போதும்' என்று நிறுத்துகிறான். ஏஞ்சல் கதை வேறு. அயர்லாந்தின் கால்வேயில் குடித்துக் கும்மாளமிட்ட லியாம் என்ற இளைஞன் அவன். 1753-இல் டார்லா என்ற காட்டேரி அவனைக் கடிக்கிறாள். பெற்ற அப்பாவிலிருந்து ஆரம்பித்து ஐரோப்பா முழுக்க அவன் செய்த அட்டூழியம் கொஞ்சநஞ்சமில்லை. 1898-இல் ஒரு ரோமானி இனப் பெண்ணைக் கொல்கிறான். அவளுடைய குலத்தார் பழிக்குப் பழியாக அவனுக்கு ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதாவது அவன் திருந்தவில்லை, மனசாட்சியை அவன்மேல் சாபமாக ஏற்றிவிட்டார்கள். முழு மனநிறைவோடு ஒரு கணம் இருந்தாலும் அந்த ஆன்மா பறந்துவிடும் என்பது கூடுதல் நிபந்தனை.

'மூன்லைட்' நாயகன் மிக் செயின்ட் ஜான் 1952-இல் கல்யாணத்தன்று ராத்திரி மனைவி கோரலைன் கடித்துக் காட்டேரி ஆனவன். அவனும் தப்பு செய்திருக்கிறான் என்று சொல்கிறார்கள். ஆனால் திரையில் அது பாரமாக இறங்குவதே இல்லை. பெண்கள், குழந்தைகள், அப்பாவிகள் பக்கம் போகமாட்டேன் என்ற விதியோடுதான் நம் முன்னால் வருகிறான். பார்க்கப் போனால் அவன் குற்றவாளியைவிடப் பாதிக்கப்பட்டவன். பரிகாரக் கதைக்கு இது பெரிய ஓட்டை.

இந்த இடத்தில் நிக்குக்குத்தான் என் ஓட்டு. அவனை யாரும் சபிக்கவில்லை, சூனியம் வைக்கவில்லை. அவனாக எடுத்த முடிவை ஒவ்வொரு ராத்திரியும் புதுப்பிக்க வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒயின் பாட்டில்களில் மாட்டு ரத்தம். பிணக்கூறு மருத்துவர் நேட்டலி அவனை நோயாளியாகவே நடத்துகிறாள். ரத்தத்தைக் குறை, சாப்பாடு பழகு என்று சத்துக் கரைசல் கலக்கிக் கொடுக்கிறாள். அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க முயன்று அவன் முகம் சுளிப்பதைப் பார்க்கும்போது, இந்தத் தொடரின் எளிமை பிடிபட்டுவிடும். பாவம் தீர்வது என்றால் அவனுக்கு மறுபடி மனிதன் ஆவது, வியாதி குணமாவது. இதை விளக்க இரண்டாவது வரி தேவையில்லை.

இனி தொழில். நிக் சம்பளம் வாங்கும் போலீஸ்காரன். டொராண்டோ கொலை வழக்குப் பிரிவில் நிரந்தர நைட் ஷிஃப்ட். வெயில் ஒவ்வாமை என்று சொல்லி வைத்திருக்கிறான். மேலதிகாரி உண்டு, அறிக்கை எழுத வேண்டும், ஸ்காங்கி என்று ஓயாமல் தின்றுகொண்டும் பேசிக்கொண்டும் வரும் சக அதிகாரி உண்டு. 1962 மாடல் காடிலாக் ஓட்டுகிறான். டிக்கி பெரிது, பகலில் மாட்டிக்கொண்டால் உள்ளே படுத்துவிடலாம் என்பதுதான் காரணம். வாராவாரம் ஒரு கொலை, அதோடு பிணைந்து ஒரு பழைய நூற்றாண்டு நினைவு என்பது தொடரின் அச்சு. இன்றைய வழக்கில் அவன் செய்யப் போகும் தப்பை முன்னொரு காலத்தில் ஏற்கெனவே செய்திருப்பான். சில வாரம் இந்த ஒட்டு பொருந்தாமல் இளிக்கும். பட்ஜெட்டும் குறைவு, ஐரோப்பிய அரண்மனை என்று காட்டுவது நாலு மெழுகுவர்த்தியும் ஒரு திரைச்சீலையுமாக இருக்கும். பொருந்துகிற வாரத்தில் துப்பும் குற்ற உணர்ச்சியும் ஒரே கயிற்றில் முறுக்கிக்கொண்டு வரும். மற்ற இரண்டு தொடரிலும் இப்படிப் பார்த்ததில்லை.

'ஏஞ்சல்' ஆரம்பித்தது தனியார் துப்பறியும் அலுவலகமாகத்தான். கூட வேலை செய்யும் கோர்டிலியா கையால் வரைந்த தேவதைச் சின்னம் போட்ட விசிட்டிங் கார்டு, அது என்ன படம் என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் குழப்பம், கட்சிக்காரரிடம் காசு கேட்கலாமா வேண்டாமா என்று தர்மசங்கடம். அந்த முதல் சீசன் சுவை தனி. ஆனால் இரண்டாவது சீசனுக்குள்ளேயே துப்பு துலக்குவது ஒப்புக்குத்தான் என்றாகிவிட்டது. தீர்க்கதரிசனம், வேறு உலகம், பிள்ளை கடத்தல் என்று கதை எங்கோ போய்விட்டது. மூன்றாவது சீசனுக்கு மேல் வழக்கு என்று ஒன்று வந்தால் அது பெரிய கதைக்கு வாசல்படி மட்டும்தான்.

'மூன்லைட்' நுவார் எனப்படும் பழைய இருண்ட குற்றப் படங்களின் பாணியில், நாயகன் தன் குரலிலேயே கதை சொல்ல வரும். லைசென்ஸ் உள்ள துப்பறிவாளன், பிணவறையில் ரத்தம் சப்ளை செய்ய ஆள், படுக்க ஃப்ரீசர். வழக்குகள் சுமார்தான். முக்கால்வாசி நேரம் மிக்கையும் இணையச் செய்தி நிருபர் பெத்தையும் ஒரே காரில் உட்கார வைப்பதற்கு ஒரு சாக்கு.

அடுத்தது, நாயகனைப் பழைய வழிக்கு இழுப்பவர்கள். இங்கே 'ஃபாரெவர் நைட்'டை அடிக்க ஆளில்லை. நைஜல் பென்னட்டின் லாக்ருவா பழைய ரோமானியத் தளபதி, பொம்பெய் நகரை எரிமலை விழுங்கிய காலத்தில் காட்டேரி ஆனவன். ராத்திரி ரேடியோவில் பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறான். நிக் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருப்பான், ரேடியோவில் அந்தக் குரல் பெயர் சொல்லாமல் அவனுக்கென்றே பேசும். மிரட்டல் கிடையாது, கத்தல் கிடையாது. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனைத் திரும்பக் கூப்பிடும் அப்பாவின் தொனி. லாக்ருவாவுக்கென்றே தனி ரசிகர் அணி உருவானதில் ஆச்சரியமில்லை.

'ஏஞ்சல்' தொடரில் அந்த வேலையைச் செய்வது உல்ஃப்ராம் அண்ட் ஹார்ட் என்ற வக்கீல் நிறுவனம். தீமைக்கு லிஃப்ட், வரவேற்பறை, போனஸ் எல்லாம் உண்டு என்பது அருமையான கற்பனை. ஐந்தாவது சீசனில் அந்த நிறுவனத்தையே ஏஞ்சலிடம் ஒப்படைக்கிறார்கள். அலுவலக ஜன்னலில் விசேஷக் கண்ணாடி, வெயில் உள்ளே வரும், அவனைச் சுடாது. வெயிலைத் தேடி ஏங்கும் ஒருவனுக்கு எதிரி தரும் லஞ்சமே வெயில். வசனமே இல்லாமல் காரியத்தை முடித்த இடம் இது.

'மூன்லைட்' பங்குக்கு ஜேசன் டோரிங் நடித்த ஜோசஃப், நானூறு வயதைத் தாண்டிய நிதி வியாபாரி. காட்டேரியாக இருப்பதில் அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாயகனைவிட அவன் வரும் காட்சிகளில்தான் தொடருக்கு உயிர் வரும். ஆனால் அவன் நண்பன். மிக்கை எங்கேயும் இழுப்பதில்லை.

மூன்றையும் உண்மையாக உரசிப் பார்க்க ஒரு கல் இருக்கிறது. மூன்று தொடரிலுமே நாயகனுக்கு மனிதனாகும் வாய்ப்பு வருகிறது. ஏஞ்சலுக்கு அது முதல் சீசனின் எட்டாவது எபிசோடிலேயே வந்துவிடுகிறது. ஓர் அரக்கனின் ரத்தம் உடம்பில் கலந்து இதயம் துடிக்க ஆரம்பிக்கிறது. பகல் வெளிச்சத்தில் நடக்கிறான், ஃப்ரிட்ஜைக் காலி செய்கிறான், காதலி பஃபியோடு படுக்கையில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறான். ஆனால் மனித பலத்தோடு இருந்தால் அவளைக் காக்க முடியாது, அவள் செத்துப்போவாள் என்று தெரிய வருகிறது. அந்த நாளையே அழித்துவிடச் சொல்லிக் கேட்டு வாங்குகிறான். அப்படி ஒரு நாள் நடந்ததே அவனைத் தவிர யாருக்கும் நினைவிருக்காது, அவளுக்கும்கூட.

எட்டு வருடம் கழித்து 'மூன்லைட்' அதே திருப்பத்தை எடுக்கிறது. கொஞ்ச காலமே பலிக்கும் ஒரு மருந்தால் மிக் மனிதன் ஆகிறான், வெயில் காய்கிறான். பெத்தைக் கடத்திவிடுகிறார்கள். அவளை மீட்க, தன்னை மறுபடி காட்டேரி ஆக்கு என்று ஜோசஃபிடம் கெஞ்சுகிறான். காட்சி நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், மிக்காக வரும் ஓலாக்லினும் உருகி நடித்திருக்கிறார். ஆனால் எப்படியும் தீரப்போகிற மருந்து, பதிலுக்குக் காதலியும் கிடைக்கிறாள். இழப்பு எங்கே இருக்கிறது? ஏஞ்சல் விட்டுக்கொடுத்ததற்குச் சாட்சிகூட இல்லை.

நிக் நிலைமைதான் மோசம். நேட்டலியின் மருந்து ஒன்று சில நாள் வேலை செய்து, கடைசியில் அவன் அந்த மருந்துக்கே அடிமையாகிறான். நேட்டலியின் சகோதரன் சாகக் கிடந்தபோது, அவள் கெஞ்சினாள் என்பதற்காக அவனைக் காட்டேரி ஆக்கி, பிறகு தன் கையாலேயே கொல்ல வேண்டி வந்தது. நல்ல எண்ணத்தோடு செய்வதுகூட அவன் கையில் நாசமாகிவிடுகிறது.

'ஏஞ்சல்' ஏன் மேலே நிற்கிறது என்பதற்கு இரண்டாவது சீசனின் நடுப்பகுதியைப் பார்த்தால் போதும். ஒயின் நிலவறையில் வக்கீல் கூட்டத்தை இரண்டு பெண் காட்டேரிகள் மடக்கி வைத்திருக்கிறார்கள். ஏஞ்சல் வருகிறான், பார்க்கிறான், கதவை வெளியே பூட்டிவிட்டுப் போய்விடுகிறான். மற்ற இரண்டு நாயகர்களுக்கும் இப்படி ஒரு காட்சி எழுதும் துணிச்சல் அந்தத் தொடர்களுக்கு இல்லை. நண்பர்களை வேலையைவிட்டு அனுப்புகிறான், அடிமட்டம் வரை போகிறான். பிறகு ஒரு ராத்திரி கேட் என்ற பெண் போலீஸ் மாத்திரைகளை விழுங்கிவிட்டுக் கிடப்பது தெரிந்து, கதவை உடைத்துப் போய்க் காப்பாற்றுகிறான். மறுநாள் இருவரும் பேசுகிறார்கள். பெரிய திட்டம், பெரிய வெகுமதி என்று எதுவும் இல்லை, யாரும் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகத்தான் உதவுகிறேன் என்ற இடத்துக்கு வந்திருக்கிறான் ஏஞ்சல். அப்போது கேட் ஒன்று கவனிக்கிறாள். அழைக்காத வீட்டுக்குள் காட்டேரி நுழைய முடியாது, அவள் அவனை அழைக்கவே இல்லை. எப்படி உள்ளே வந்தான்? தொடர் பதில் சொல்லவில்லை. தொடருக்கென்று வகுத்த விதியை ஒரே ஒரு தடவை மீறி, அதை விளக்காமல் விட்டதில்தான் எழுத்தின் தரம் தெரிகிறது.

அதற்கப்புறம் அவன் பரிகாரம், அசல் குறையாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் கடன் மாதிரி ஆகிவிடுகிறது. தீராது என்று தெரிந்தே கட்டுகிறான். கடைசி எபிசோடில், ஒரு நாள் மனிதனாவாய் என்று வாக்களித்த தீர்க்கதரிசனத்தையே கையெழுத்துப் போட்டு உதறிவிட்டுச் சண்டைக்குப் போகிறான். மழை கொட்டும் சந்து, எதிரே அரக்கர் படை, மேலே டிராகன், அவன் வாளை ஓங்க, கதை முடிகிறது. 2004 மே மாதம் அது ஒளிபரப்பானபோது பலர் கொதித்துப்போனார்கள். எனக்கு அதைவிடச் சரியான முடிவு தோன்றவில்லை.

'ஃபாரெவர் நைட்' 1996-இல் முடிந்த விதம் இன்னும் கொடுமை. தன்னையும் அவன் உலகத்துக்கு அழைத்துக்கொள்ளச் சொல்கிறாள் நேட்டலி. அவன் அவள் ரத்தத்தை அளவுக்கு மீறிக் குடித்துவிடுகிறான். அவள் கிடக்க, கூர்மையான மரக்குச்சியை லாக்ருவா கையில் கொடுத்து முதுகைக் காட்டி மண்டியிடுகிறான். எழுபது எபிசோடாகக் குணமாவேன் என்று காத்திருந்தவனுக்குக் கிடைத்தது அதுதான். சோகம் என்ற அளவில் மூன்றிலும் இதுதான் பெரியது, ஆனால் மூன்றாவது சீசனில் ஸ்காங்கியைக் கொன்று ஆட்களை மாற்றி அவர்கள் அதை அடைந்த பாதை கரடுமுரடானது. 'மூன்லைட்' வாசல்படியில் ஒரு முத்தத்தோடு நின்றுவிடுகிறது. பதினாறே எபிசோட், நடுவில் 2007-08 எழுத்தாளர் வேலைநிறுத்தம், 2008 மே மாதத்தில் ரத்து. தொடரைக் காப்பாற்ற ரசிகர்கள் ரத்ததான முகாம் நடத்தியதுதான் இந்தக் கதையின் நல்ல வேடிக்கை.

இனி எங்கே ஆரம்பிப்பது? வாரக் கடைசியில் பார்த்து முடிக்க வேண்டும், காதல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பரவாயில்லை என்பவர்களுக்கு 'மூன்லைட்'. போலீஸ் கதை பிடிக்கும், தொண்ணூறுகளின் மங்கலான படமும் மலிவான செட்டும் தொந்தரவில்லை என்றால் 'ஃபாரெவர் நைட்' முதல் இரண்டு சீசன். மூன்றாவதில் நேராகக் கடைசி எபிசோடுக்குப் போனால்கூடத் தப்பில்லை.

'ஏஞ்சல்' 110 எபிசோட். முன்கதையான 'பஃபி'யின் முதல் மூன்று சீசனைப் பார்த்திருந்தால் நல்லது, பார்க்காவிட்டாலும் முதல் சீசன் புரியும். இரண்டாவது சீசனை அவசரப்படாமல் பாருங்கள். அதில் 1952-இல் ஒரு ஹோட்டலில் நடக்கும் இரண்டாவது எபிசோடைத் தனிப்படமாகவே பார்க்கலாம். நாலாவது சீசனில் கோர்டிலியாவை வைத்து அவர்கள் செய்த குளறுபடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். பிளாஷ்பேக்கில் ஏஞ்சலாக நடிக்கும் பொரியானஸ் பேசும் ஐரிஷ் ஆங்கிலத்தையும் விக்கையும் மன்னித்துவிடுங்கள். ஐந்தாவதில் ஏஞ்சல் துணிப் பொம்மையாக மாறும் எபிசோட் வரும்போது சிரிப்பை அடக்க வேண்டாம். அதற்கு அடுத்த வாரம் வருவது மூன்று தொடரிலும் கனமான மணி நேரம், அதைத் தனியாக உட்கார்ந்து பாருங்கள்.