கும்பகோணத்து மித்தமா, குன்னூர் சரிவா: கோடையில் எந்த வீட்டுக்குக் காவல் இருக்கலாம்?

போன வருஷம் பங்குனியில், ஒரே வாரத்தில் இரண்டு வீடுகளிலிருந்து அழைப்பு வந்தது. கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன், பெண்ணின் பேறுகாலத்துக்காகக் குடும்பத்தோடு சிங்கப்பூர் கிளம்பிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரரோடு பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் குன்னூரில் இருக்கிறார். மகனைப் பார்க்கக் கனடா போக அவரும் டிக்கெட் எடுத்திருந்தார். இருவரும் கேட்டது ஒன்றுதான்: "ஒரு மாசம் வந்து வீட்டில் இருங்களேன், பூட்டிப் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை."

நாங்கள் திருச்சிக்காரர்கள். அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது, நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம். தேதிகள் இடிக்கவில்லை என்பதால் இரண்டுக்கும் சரி சொன்னோம். சித்திரையில் கும்பகோணம், வைகாசியில் குன்னூர். தெருவில் எல்லோரும் கேட்டார்கள், "குன்னூர் சரி. திருச்சி வெயிலை விட்டுவிட்டு யாராவது கும்பகோணத்து வெயிலுக்குப் போவார்களா?" எனக்கும் அப்போது அந்த எண்ணம்தான். இரண்டு இடத்திலும் இருந்து பார்த்த பிறகு, ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் கும்பகோணத்தையே எடுப்பேன்.

முதலில் வெயில். இதில் போட்டியே இல்லை. சித்திரையில் கும்பகோணம் 38, 39 டிகிரிக்குக் குறையாது. அக்னி நட்சத்திரம் பிறந்ததும் இரவிலும் சுவர் சுடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை காவிரியில் மணல்தான், படித்துறையில் போய் உட்கார்ந்தால் காற்றுகூட வராது. குன்னூரோ கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 25 டிகிரியை ஒட்டி நிற்கும், சாயங்காலம் மழை வந்தால் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். மின்விசிறி இல்லாமல் ஒரு மாதம் தூங்கினோம். வெறுமனே வீட்டுக்குள் இருக்கப் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், குன்னூர்தான்.

ஆனால் காவல் இருப்பது வேறு கணக்கு. வீடு நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை வைத்துத்தான் நாம் எவ்வளவு தூரம் போய்வரலாம் என்பது முடிவாகும். கும்பகோணத்து வீடு திண்ணையும், மித்தம் என்று நாங்கள் சொல்கிற முற்றமும் உள்ள பழைய ஓட்டு வீடு. தம்பி ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்த வேலைகள் ஐந்து: காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், துளசி மாடத்துக்கும் மல்லிகைப் பந்தலுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும், தொட்டி நிரம்ப மோட்டார் போட வேண்டும், பால்காரருக்குக் கணக்கு வைக்க வேண்டும், அந்தியில் விளக்கேற்ற வேண்டும். அவனுக்குக் கடைசி ஒன்றுதான் முக்கியம். "நகை நட்டெல்லாம் லாக்கரில் இருக்கு அக்கா. சாயங்காலம் ஆனா வீடு இருட்டா கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றான். எல்லாமே காலையிலும் மாலையிலும் முடிகிற வேலை. இடைப்பட்ட நேரத்தை அந்த வீடு எங்களிடமே விட்டுவிட்டது.

குன்னூர் வீட்டில் ஜிம்மி இருந்தது. பன்னிரண்டு வயது லாப்ரடார், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற நாய். காலை ஏழுக்கு ஒன்று, மாலை ஏழுக்கு ஒன்று, மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். அதோடு, குரங்குக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் வெளியே கிளம்பலாம். குப்பையை இரவில் வெளியே வைத்தால் கரடி வரும் என்று பக்கத்து வீட்டம்மா முதல் நாளே எச்சரித்தார். காட்டெருமை தேயிலைப் புதருக்குள் இருந்து எழுந்து ரோட்டுக்கு வருவதை நாங்களே மூன்று முறை பார்த்தோம். அது கடந்து போகும்வரை நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். ஊர்க்காரர்களுக்கு அது பழகிவிட்டது, எனக்குக் கடைசி வரை நெஞ்சு அடித்துக்கொண்டது. மாலை ஏழு மணிக்குள் வீடு திரும்பியாக வேண்டும் என்பதுதான் அங்கே எங்கள் நாட்களை அளந்தது.

இனி போய்வருகிற இடங்கள். கும்பகோணத்தைச் சுற்றிக் கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி, நான்கு, நாலரைக்குத் திறக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது இடைஞ்சல், அங்கே வீடு இருப்பவர்களுக்கு வரம். விடிந்ததும் டிகிரி காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புவோம். பத்து மணிக்கெல்லாம் வீடு. சாப்பாடு, மித்தத்து ஓரத்தில் பாய் விரித்துத் தூக்கம், நாலரைக்கு மறுபடி ஒரு சுற்று.

தாராசுரம் நான்கு கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காரில் வந்து ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தேர்ச்சக்கரத்தையும், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தையும் பார்ப்பார்கள். நாங்கள் நான்கு முறை போனோம். மூன்றாம் முறைதான் கருவறைச் சுவரின் அடியில் வரிசையாக இருக்கும் நாயன்மார் சிற்பங்களுக்கு வந்து சேர்ந்தோம். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கும், குந்தி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முப்பது வருஷம் பெரியபுராணப் பாடம் நடத்திய எனக்கு, முதலை வாயிலிருந்து பிள்ளை மீள்கிற கதையை அந்தக் கல்லில் கண்டுபிடித்தபோது கண் கலங்கிவிட்டது.

சுவாமிமலைக்கு டவுன் பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அவருக்கு மட்டும்தான் செலவு. கோயிலுக்கு 60 படிகள் ஏற வேண்டும். தமிழ் வருஷம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்பது கணக்கு. ஆனால் அவரை அங்கே இழுத்தது படிமம் வார்க்கும் பட்டறைகள். ஒரு ஸ்தபதி எங்களை உட்கார வைத்து வேலையைக் காட்டினார். ஒரு தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதையே மடித்து மடித்து முகம், மார்பு, இடுப்பு என்று அளவு எடுக்கிறார். ஸ்கேல் கிடையாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, கனமான மண்ணை மேலே அப்பி, காய்ந்ததும் சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சிலை. பணிமனையில் வாழ்நாள் முழுக்க வார்ப்பைப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். அன்று அந்தக் கீற்றைக் கையில் வாங்கி அவரே மடித்துப் பார்த்தார். அந்த மாதத்தில் ஐந்து தடவை அந்தப் பட்டறைக்குப் போனார். பக்கத்திலேயே வீடு இருந்ததால்தான் அது முடிந்தது.

இதே தூரத்தில் குத்துவிளக்குக்கு நாச்சியார்கோயில், பட்டுக்குத் திருபுவனம். தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், காலையில் ரயிலில் போய்ப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டோம். ஒரு நாள் மட்டும் கணக்குத் தப்பியது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு எட்டரைக்குத்தான் பஸ் ஏறினோம். பதினொரு மணிக்குக் கல்தரை தோசைக்கல் மாதிரி கொதித்தது, எனக்கு உள்ளங்காலில் கொப்புளம் வந்து மூன்று நாள் நடக்கவில்லை. சித்திரையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் தடிமனான பழைய சாக்ஸ் ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜேந்திர சோழனின் விமானத்தை அண்ணாந்து பார்க்கவே நேரம் எடுக்கும், அது கால் சுட ஓடுகிற இடமில்லை.

குன்னூருக்கு வருவோம். அங்கே நாங்கள் பார்த்ததில் முதலிடம் மலை ரயிலுக்குத்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டியில் முன்பதிவு செய்துதான் ஊருக்கே போனோம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பல்சட்டம் தொடங்குகிறது. 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில், நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏறுகிறது. இந்தப் பாதைக்கான எஞ்சின்களில் சிலவற்றைச் செய்ததே பொன்மலைப் பணிமனைதான். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது அவர் இறங்கிப் போய் எஞ்சின் பக்கத்திலேயே நின்றார். அந்த முகத்தைப் பார்க்கவே இன்னொரு முறை போகலாம். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரயில், 1908-இல் ஊட்டியைத் தொட்டது.

ஆனால் குன்னூரில் குடியிருந்துகொண்டு அதே ரயிலில் ஒரு நாள் பயணம் போக எங்களால் முடியவில்லை. பிற்பகலில் இறங்குகிற வண்டி மேட்டுப்பாளையம் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அங்கிருந்து பஸ் ஏறி ஏழு மணி மாத்திரைக்கு வந்துசேர வழியில்லை. ஊட்டிக்குப் போகலாம் என்றால் வைகாசி அங்கே மலர்க் கண்காட்சி நேரம். 19 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், திரும்பும்போது அதைவிட மோசம். எட்டரைக்குக் கதவைத் திறந்தால் ஜிம்மி வாசலிலேயே படுத்திருந்தது. அதற்கப்புறம் ஊட்டி பக்கம் தலை வைக்கவில்லை. 2024 மே 7-லிருந்து நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, நெரிசல் மட்டும் எல்லோருக்கும் பொது. எஞ்சிய நாட்களில் சிம்ஸ் பூங்கா, டால்பின் மூக்கு, கோத்தகிரியில் சல்லிவன் பங்களா என்று போனோம். நல்ல இடங்கள். ஆனால் பஸ்ஸுக்காகக் காத்திருக்க முடியாமல் பாதி நாள் டாக்சி எடுத்தோம். கும்பகோணத்தில் ஒரு மாதப் போக்குவரத்துச் செலவு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது, குன்னூரில் 14,000 ஆனது.

முழங்கால் பற்றியும் சொல்ல வேண்டும். ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்கு 58 படிகள், கைப்பிடி பாதி வரைதான். பால் வாங்கப் போனாலும் அதே 58. வயதானவர்கள் மலை வீட்டுக்குச் சரி சொல்லும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. நாங்கள் கேட்கவில்லை.

இன்னொன்று விருந்தாளிகள். குன்னூரில் இருக்கிறோம் என்று தெரிந்ததும் மூன்று குடும்பங்கள் வந்து தங்கின. எல்லோரும் சொந்தம், வரவேண்டாம் என்று சொல்ல முடியுமா? அதே நேரம் அது நம் வீடு இல்லை. நண்பருக்கு ஒவ்வொரு முறையும் போன் போட்டு அனுமதி கேட்டேன், அவரும் தாராளமாகச் சொன்னார். இருந்தாலும் அவருடைய கம்பளியை எடுத்து விரிக்கும்போது மனசு கூசியது. கும்பகோணத்து வெயிலுக்கு ஒருவரும் வரவில்லை. முப்பது நாளும் நானும் அவரும்தான். கல்யாணமான இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு மாதம் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

மூன்றாவதாகத் தென்காசியைச் சொல்பவர்கள் உண்டு. நாத்தனார் அங்கே இருப்பதால் எனக்குப் பழக்கமான ஊர்தான். சித்திரை வைகாசியில் குற்றாலத்தில் பாறைதான் பார்க்கலாம். ஜூனில் சாரல் விழுந்தால் மட்டுமே அந்த ஊருக்கு உயிர் வரும். அப்போது செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலில் ஆரியங்காவுக் குகையும் பதின்மூன்று கண் பாலமும் மழையில் பார்க்கக் கிடைக்கும். தேதி ஜூன் பாதிக்கு மேல் என்றால் யோசிக்கலாம். விருந்தாளிகள் விஷயத்தில் குன்னூரைவிட இரண்டு மடங்கு.

வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டுக் கும்பகோணம் போக வேண்டாம். அவர்களுக்குக் குன்னூரே நல்லது, ஆனால் நாய் இல்லாத, படி குறைந்த வீடாகப் பார்த்து.

குன்னூர் நண்பர் வருகிற மே மாதத்துக்கும் கேட்டார். பிப்ரவரியில் கூப்பிடுங்கள், அப்போது ஊட்டி ரோடு காலியாக இருக்கும், கட்டாயம் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். ஜிம்மிக்கு இப்போது மூன்று வேளை மாத்திரையாம். கும்பகோணத்துத் தம்பி பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி சிங்கப்பூர் போகிறான். ஏப்ரல் 9 காலை மயிலாடுதுறை வண்டியில் ஏறுகிறோம். வீட்டுக்காரர் நேற்றே தென்னங்கீற்று ஒன்றை நறுக்கி ஹாலில் மடித்துக்கொண்டிருந்தார், இடுப்பு அளவு இன்னும் சரியாக வரவில்லையாம், ஸ்தபதியிடம் கேட்க வேண்டுமாம்.