உணவின் விளைவைக் காட்டும் கருவி: அக்கு-செக் இன்ஸ்டன்ட் குளுக்கோமீட்டர்

நீரிழிவு உள்ளவருக்கு எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அறிவுரை கூற உறவினர் பலர் உண்டு. ஆனால், ஒரு வேளை உணவு அவர் உடலில் என்ன செய்தது என்பதை அவருடைய இரத்தத்தைச் சோதித்தே அறிய முடியும். என் தந்தைக்காக வாங்கிய ரோஷ் நிறுவனத்தின் அக்கு-செக் இன்ஸ்டன்ட் என்னும் இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியை இந்தக் காரணத்துக்காகவே மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஸ்ட்ரிப்பின் (இரத்தத் துளியை ஏற்கும் சோதனைப் பட்டை) குறியீட்டு எண் எதையும் கருவியில் பதிய வேண்டியதில்லை. சில நொடிகளில் முடிவு தெரிகிறது. எண்கள் பெரிதாக இருப்பதால் முதியவர்களும் தாமே படிக்கலாம்.

காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துக் குறித்து வைப்பவர்கள் இதன் பயனில் பாதியை இழக்கிறார்கள். சாப்பிடுவதற்குச் சற்று முன்பும், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்தும் பார்த்தால்தான் உணவின் விளைவு புலப்படும். பெரும்பாலான பெரியவர்களுக்கு முன்னது ஒரு டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம் வரையும், பின்னது 180-க்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு. அவரவர்க்குரிய இலக்கை மருத்துவரே முடிவு செய்வார். சர்க்கரை நோய்க்கு உகந்தது என்று நம்பி நாங்கள் நாள்தோறும் கொடுத்துவந்த கேழ்வரகுக் கஞ்சிதான், எங்கள் வீட்டில் அளவை மிகவும் ஏற்றியது. நைசாக அரைத்த மாவை நீர்க்கக் காய்ச்சும்போது அது விரைவில் செரித்து இரத்தத்தில் கலந்துவிடுகிறது என்று உணவியல் ஆலோசகர் விளக்கினார். அளவான இட்லியுடன் காய் நிறைந்த சாம்பாரும் கொண்டைக்கடலைச் சுண்டலும் சேர்த்தபோது ஏற்றம் தெளிவாகக் குறைந்தது. இப்போது வீட்டில் எல்லோருக்கும் அதே உணவுதான். தனித்தட்டு வைத்து ஒதுக்காததே தந்தைக்குப் பெரிய துணை.

கருவியின் எண்களை ஆய்வக முடிவைப் போலக் கருதக் கூடாது. இத்தகைய கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் சர்வதேசத் தரநிலை, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை வேறுபாட்டை ஏற்கிறது. ஆகவே 150-க்கும் 160-க்கும் இடையிலான வேறுபாட்டுக்காகக் கலங்க வேண்டாம். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் சோதித்தால் அளவு பொய்யாக உயரும். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் இது ஈடுசெய்யாது.

எந்தக் குளுக்கோமீட்டரிலும் தொடர்செலவு ஸ்ட்ரிப்புகளே என்பதால், கருவியை வாங்கும் முன் அவற்றின் விலையைக் கேட்டறியுங்கள். இன்சுலின் போடாமல் மாத்திரை மட்டும் எடுப்பவர், எந்த வேளைகளில் பார்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுத் திட்டமிட்டால், வாரத்துக்குச் சில ஸ்ட்ரிப்புகளே போதுமானதாக இருக்கலாம்.