வேலையை விட்டபின் நிற்கும் கடைசிச் சம்பளம்: சிங்கப்பூர் டிஏடிஎம் சேவை எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

சிங்கப்பூரில் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தவருக்குக் கம்பெனி கடைசிச் சம்பளத்தைத் தராமல் இழுத்தடித்தால், போக வேண்டிய முதல் இடம் டிஏடிஎம். சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணி என்று தமிழில் சொல்வார்கள். மனிதவள அமைச்சும் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்த அமைப்பு, 2017 ஏப்ரலிலிருந்து இயங்குகிறது. "எம்ஓஎம்ல (மனிதவள அமைச்சுல) கேஸ் போட்டேன்" என்று ஊழியர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இங்கே வந்து சேரும் புகாரைத்தான்.

நல்ல சேவைதான், தயங்காமல் போகலாம். ஆனால் பாக்கி எவ்வளவு என்று கணக்குப் போட்டு எடுத்துப் போகிறவருக்கு இது வேலை செய்யும் விதமே வேறு. "பாக்கி இருக்கு, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று போனால் பாதித் தொகையில் சமரசம் முடிந்துவிடும்.

முதலில் பணம் எப்போது வந்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துவிட்டு விலகினால் கடைசி வேலை நாளன்றே சம்பளம் வர வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் விலகினால் கடைசி நாளிலிருந்து 7 நாளுக்குள். நோட்டீஸ் கொடுக்காமல் போனவரிடம் அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கம்பெனி கேட்கலாம், அதுவும் சட்டம்தான். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி எதுவும் எழுதியிராவிட்டால் 26 வாரத்துக்குக் குறைந்த வேலைக்கு 1 நாள், 2 ஆண்டுக்குள் 1 வாரம், 5 ஆண்டுக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம்.

வெளிநாட்டவர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வரிக் கணக்கை முடித்துக் காட்டும் டேக்ஸ் கிளியரன்ஸ் தேவைப்படும் ஊழியர் விலகும்போது கம்பெனி ஐஆர்21 படிவத்தை வருமானவரி ஆணையத்துக்கு அனுப்பி, தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்கத்தான் வேண்டும். இது ஏமாற்று வேலை அல்ல. படிவத்தையே அனுப்பாமல் "டேக்ஸ் கிளியரன்ஸ் வரல" என்று மாதக்கணக்கில் சொல்வதுதான் ஏமாற்று. ஐஆர்21 எந்தத் தேதியில் போனது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் உங்களுக்குச் சான்று.

இனிக் கணக்கு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முழுதாக வேலை செய்யாத மாதத்துக்கு, மாத மொத்தச் சம்பளத்தை அந்த மாதத்தின் வேலை நாட்களால் வகுத்து, வேலை செய்த நாட்களால் பெருக்க வேண்டும். சம்பளம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வாரம் 5 நாள் வேலை, அந்த மாதத்தில் 22 வேலை நாள், அதில் 12 நாள் வேலை செய்திருக்கிறீர்கள் என்றால் 1,418.18 வெள்ளி. சில கணக்கர்கள் பழக்கத்தில் 26ஆல் வகுத்து 1,200 என்று போடுவார்கள். 218 வெள்ளி சத்தமில்லாமல் போய்விடும், சம்பளச் சீட்டில் பார்த்தால் சரியாக இருப்பது போலவே தெரியும். எடுக்காத ஆண்டு விடுப்புக்கு வேறு வாய்பாடு: மாதச் சம்பளம் பெருக்கல் 12, அதை 52 பெருக்கல் வார வேலை நாட்களால் வகுக்க வேண்டும். இதே ஊழியருக்கு 31,200ஐ 260ஆல் வகுத்தால் நாளுக்கு 120 வெள்ளி, 4 நாள் விடுப்புக்கு 480.

கூடுதல் நேரச் சம்பளத்துக்கு மொத்தச் சம்பளத்தை எடுக்கக் கூடாது, அடிப்படைச் சம்பளம்தான். அதை 12ஆல் பெருக்கி, 2,288ஆல் (52 வாரம், 44 மணி) வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. அதில் ஒன்றரை மடங்குதான் ஓட்டி எனப்படும் கூடுதல் நேரச் சம்பளம். பேசிக் 1,144 வெள்ளி என்றால் மணிக்கு 6 வெள்ளி, ஓட்டி 9 வெள்ளி. உடலுழைப்புத் தொழிலாளர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரையும், மற்றவர்கள் 2,600 வரையும்தான் சட்டப்படி ஓட்டி கேட்க முடியும்.

பிடித்தம் என்று கம்பெனி காட்டும் பட்டியலையும் வரிவரியாகப் பாருங்கள். சாமான் உடைந்தது, தொலைந்தது என்று பிடிப்பதானால் முதலில் உங்களை விசாரித்திருக்க வேண்டும். அப்படியும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்க முடியாது. லெவியையும் (வெளிநாட்டு ஊழியருக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் தொகை) பெர்மிட் (வேலை அனுமதி) எடுத்த செலவையும் ஊழியர் தலையில் கட்டவே கூடாது.

புகாரை இணையத்தில் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளக் கணக்கு) மூலம் போடலாம். படிவம் ஆங்கிலத்தில் இருப்பது நம்மவர்களுக்கு ஒரு தொல்லைதான். நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். கம்பெனியின் பெயர்ப்பலகையில் உள்ள பெயரை எழுதிவிடாதீர்கள், பதிவெண்ணோடு கூடிய சட்டப் பெயர் வேண்டும். ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்று, வேலை வாங்கிய கம்பெனி இன்னொன்று என்றால், ஒப்பந்தத்திலோ ஐபிஏ கடிதத்திலோ (பெர்மிட்டுக்கு முன் வரும் கொள்கை ஒப்புதல் கடிதம்) யார் முதலாளி என்று இருக்கிறதோ அவர்மீதுதான் புகார். கடைசி மாதச் சம்பளம், விடுப்புப் பணம், ஓட்டி, தவறான பிடித்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை போடுங்கள். கூடவே ஒப்பந்தம், ராஜினாமா மின்னஞ்சல், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, டைம் கார்டின் படம் எல்லாம் வேண்டும். சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அது இல்லை என்பது கம்பெனியின் குறைதானே ஒழிய உங்கள் குறை அல்ல.

இந்தச் சேவையில் மன்னிக்கவே மாட்டாத ஒன்று கெடு. வேலையை விட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வந்தாக வேண்டும். "அடுத்த மாசம் தர்றேன்" என்று முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. நல்ல வார்த்தையை நம்பிக் காத்திருந்து ஏழாம் மாதம் வருகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கேட்கும் தொகைக்கும் வரம்பு 20,000 வெள்ளி. தொழிற்சங்க உறுப்பினராகச் சங்கத்தின் வழியே வந்தால் 30,000.

சமரசப் பேச்சில் வழக்கறிஞர் கிடையாது. நடுவில் உட்காரும் அதிகாரி நீதிபதி அல்ல, தீர்ப்புச் சொல்ல மாட்டார். இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் இரு தரப்பையும் ஒரு தொகைக்குக் கொண்டுவரப் பார்ப்பார். கம்பெனி குறைத்துச் சொல்லும்போது, எந்த வரியில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று முன்பே முடிவுசெய்து வைத்திருங்கள். ஒப்பந்தம் ஆகிவிட்டால் பணம் வரும் தேதி, தவணை, வங்கிக் கணக்கு, ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டும் என்ற வரி எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். அதை 4 வாரத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்தால் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். பதியாமல் விடுவது வீண் வம்பு.

பேச்சு முறிந்தால் பரிந்துரைச் சான்றிதழ் தருவார்கள். அதன் தேதியிலிருந்து 4 வாரத்துக்குள் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும். அங்கும் வழக்கறிஞர் இல்லை.

குறை என்று சொன்னால் பணம் வசூலாகும் கட்டம்தான். நடுவர் மன்றம் உத்தரவு போட்ட பிறகும் கம்பெனி கொடுக்காவிட்டால், அமலாக்கத்துக்கு ஊழியரே மீண்டும் நீதிமன்றம் போக வேண்டும், செலவும் அவர் கையிலிருந்து. கம்பெனி திவாலாகிவிட்டால் உத்தரவு கையில் இருந்தும் பணம் கிடைப்பது கடினம். சம்பளம் தராதது குற்றம், 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது, ஊழியர் பைக்கு வராது. 2,000 வெள்ளிப் பாக்கிக்காக இத்தனை படி ஏற வைப்பது நியாயமாகத் தெரியவில்லை.

பெர்மிட்டில் இருப்பவர்கள் பெர்மிட் ரத்தாவதற்கு முன்பே புகார் போடுவது நல்லது. விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்து, "எல்லாச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தட்ட முடியாத நிலை என்றால், கையெழுத்துக்கு மேலே பெற்ற தொகையையும் தேதியையும் "ஓட்டி, விடுப்புப் பணம் பாக்கி" என்பதையும் உங்கள் கைப்பட எழுதி, அந்தத் தாளை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.