வருமான வரி பாக்கியைக் காட்டும் பக்கம்: தொகை இருக்கிறது, காரணம் வேறு இடத்தில்

வருமான வரித்துறைக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொள்ள இப்போது ஆடிட்டர் ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. 2021 ஜூனில் வந்த புதிய இ-ஃபைலிங் தளத்தில் பான் எண்ணைப் போட்டு உள்ளே போய், 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' மெனுவில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்பதைத் தட்டினால் போதும். எந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) எவ்வளவு நிலுவை என்று பட்டியல் வந்துவிடும். கட்டணம் இல்லை. இவ்வளவு சுலபமாக்கியதற்கு மனதாரப் பாராட்டலாம். ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்பதை இந்தப் பக்கம் விளக்காது. அவசரப்பட்டுப் பணம் கட்டுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பட்டியலில் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். 143(1) என்றால் பெங்களூரு செயலாக்க மையம் கணினியில் போட்ட கணக்கு. 154 என்றால் திருத்த உத்தரவு. 143(3), 147 என்றால் அதிகாரி ஆய்வு செய்து போட்டது. தவறு இருந்தால் யாரிடம் திருத்தம் கேட்பது என்பது இதைப் பொறுத்து மாறும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்திருந்தாலும், முந்தைய ஆண்டுகளின் பாக்கிக்கு 1961 சட்டத்தின் இந்த எண்கள்தான்.

காரணம் தெரிய, 'இ-ஃபைல்' மெனுவில் தாக்கல் செய்த ரிட்டர்ன்களைத் திறந்து, அந்த ஆண்டுக்கான இன்டிமேஷனை, அதாவது துறை அனுப்பிய கணக்கீட்டு அறிவிப்பை, இறக்குங்கள். கடவுச்சொல், சிறிய எழுத்தில் பான் எண்ணும் அதையொட்டி எட்டு இலக்கப் பிறந்த தேதியும். உள்ளே இரண்டு பத்திகள்: நீங்கள் சொன்ன தொகை, துறை கணக்கிட்ட தொகை. இரண்டும் எங்கே முதலில் பிரிகின்றன என்று மேலிருந்து கீழே விரல் வைத்துப் பாருங்கள். டிடிஎஸ் (சம்பளம், வட்டி போன்றவற்றில் முன்பே பிடித்த வரி) இடத்தில் நீங்கள் 42,000 போட்டு, துறை 30,000 எடுத்திருந்தால், மீதி 12,000தான் வட்டியோடு பாக்கியாக நிற்கிறது. பெரும்பாலும் பிடித்தம் செய்த நிறுவனம் கடைசிக் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்திருக்காது, அல்லது பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருக்கும். உங்கள் பான் எண்ணில் பதிவான வரிப் பிடித்தங்களைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் பார்த்தால் தெரிந்துவிடும். அவர்கள் திருத்திய பிறகு நீங்கள் 154-இல் மனு போட வேண்டும். அதற்கு முன் போட்டால் அதே தொகைதான் திரும்ப வரும். இன்னொரு காரணம், பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரிட்டர்னைக் கெடு தாண்டித் தாக்கல் செய்வது. புதிய முறையில் கணக்கிட்டு, சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான 80சி கழிவுகளை எடுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் பார்க்காமல் 'டிமாண்ட் இஸ் கரெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடாதீர்கள். அனுப்பிவிட்டால் பிறகு மறுக்க முடியாது. ஏற்கெனவே கட்டியிருந்தால் மறுப்பைத் தேர்ந்தெடுத்து, சலானில் உள்ள வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பிஎஸ்ஆர் கோடு, தேதி, ஐந்து இலக்க வரிசை எண், தொகை ஆகியவற்றைக் கொடுத்து சலானையும் இணைக்க வேண்டும்.

பாக்கி சரி என்றால் அதே பட்டியலில் உள்ள 'பே நவ்' வழியாகவே கட்டுங்கள். டிமாண்ட் எண் தானாக ஒட்டிக்கொள்ளும், 400 என்ற தலைப்பில் பணம் போகும். தனியாகச் சலான் போடுபவர்கள் 300-ஐ, அதாவது சுய மதிப்பீட்டு வரியை, தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பணம் துறையிடம் போய்ச் சேரும், பாக்கி மட்டும் அப்படியே நிற்கும்.

வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் கட்டினால் 220(2) வட்டி கிடையாது. அதன் பிறகு மாதத்துக்கு 1 சதவீதம். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. பாக்கி 24,360 ரூபாய் என்றால் நூறுக்குக் கீழ் உள்ளதை விட்டு 24,300-க்கு மாதம் 243. கெடு முடிந்து இரண்டு மாதம் மூன்று நாள் கழித்துக் கட்டினால் 729 ரூபாய்.

பழைய பாக்கியைப் பார்த்துப் பதற வேண்டாம். 2024 இடைக்கால பட்ஜெட் அறிவிப்பின்படி, மதிப்பீட்டு ஆண்டு 2010-11 வரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட டிமாண்டுகளும், 2011-12 முதல் 2015-16 வரையிலான 10,000 ரூபாய்க்கு உட்பட்டவையும் தள்ளுபடி ஆயின. ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் உச்சவரம்பு.

இந்தச் சேவையில் எங்களுக்குப் பெரிய குறையாகப் படுவது, ரீஃபண்டைப் பழைய பாக்கியில் வரவு வைக்கும் 245 நோட்டீஸ். பதில் சொல்ல 21 நாள்தான். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பிடித்துவிடுவார்கள். ஆனால் பலருடைய கணக்கில் பதிவாகி இருப்பது ஆடிட்டரின் மெயிலும் போன் எண்ணும். நோட்டீஸ் வந்ததே தெரியாமல் கெடு ஓடிவிடுகிறது. 'மை புரொஃபைல்' போய் உங்கள் சொந்த எண்ணையும் மெயிலையும் இன்றே மாற்றுங்கள்.

இந்தப் பட்டியல் காட்டாத பாக்கியும் உண்டு. 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வீடு வாங்கியவர்கள், விற்றவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதம் வரி பிடித்து, அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதைப் பார்க்க, டிடிஎஸ் கணக்குகளுக்கான டிரேசஸ் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஜிஎஸ்டி பாக்கிக்கு அதன் தளத்தில் 'எலக்ட்ரானிக் லயபிலிட்டி ரிஜிஸ்டர்' பார்க்க வேண்டும். வரி பாக்கி என்று மெயில் வந்தால், இணைப்பைத் தொடாமல், அதில் உள்ள டின் (DIN) என்ற ஆவண அடையாள எண்ணை இ-ஃபைலிங் முகப்புப் பக்கத்தில் நோட்டீசைச் சரிபார்க்கும் வசதியில் போட்டுப் பாருங்கள். அதற்கு லாகின்கூடத் தேவையில்லை.