தலையில் படர்தாமரை: கிரிசியோஃபுல்வினா, டெர்பினாஃபினா?

குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டினால் பலர் புழுவெட்டு என்று சின்ன வெங்காயத்தைத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். புழுவெட்டு விழுந்த இடம் வழவழவென்றிருக்கும். செதில் உதிர்ந்து, முடி தோலை ஒட்டி ஒடிந்து கரும்புள்ளியாகத் தெரிந்தால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். பூஞ்சை முடித்தண்டுக்குள்ளேயே இருப்பதால் களிம்பு எட்டாது, மாத்திரைதான்.

கிரிசியோஃபுல்வின், டெர்பினாஃபின் என்ற இரண்டு பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளில் என் ஓட்டு டெர்பினாஃபினுக்கு. காரணம் விலையோ பக்கவிளைவோ அல்ல, நாள்கணக்கு. 15 கிலோ குழந்தைக்கு கிரிசியோஃபுல்வின் கிலோவுக்கு 20 மி.கி. வீதம் தினம் 300 மி.கி.; குறைந்தது 6 முதல் 8 வாரம். அதுவும் நெய்ச்சோறு, பால் என்று கொழுப்போடு கொடுத்தால்தான் உடலில் சரியாகச் சேரும். நிறுத்திய சில நாளில் மருந்து தோலை விட்டுப் போய்விடும். மூன்றாவது வாரம் அரிப்பு அடங்கியதும் வீட்டில் மாத்திரையை மறந்துவிடுவார்கள், பூஞ்சை மறக்காது.

அதே குழந்தைக்கு டெர்பினாஃபின் 62.5 மி.கி., அதாவது 250 மி.கி. மாத்திரையில் கால் பங்கு, தினம் ஒரு வேளை, பெரும்பாலும் 4 வாரம். 20 முதல் 40 கிலோ வரை அரை மாத்திரை. நிறுத்திய பிறகும் முடியில் சில வாரம் தங்கி வேலை செய்யும். ஒரு நாள் தவறினாலும் பெரிய சேதமில்லை. கசக்கும், ஆகவே பொடித்துப் பொங்கலில் கலக்கலாம். பழச்சாறு போன்ற புளிப்பு வேண்டாம்.

வீட்டில் பூனைக்குட்டி இருந்தால் என் ஓட்டு மாறும். பூனையிடமிருந்து தொற்றும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைக்கு கிரிசியோஃபுல்வினே மேல். டெர்பினாஃபின் முடிக்குப் போய்ச் சேருவது தோலின் எண்ணெய்ப்பசை வழியாக. சிறுபிள்ளைகளுக்கு அது குறைவு. மருத்துவர் காட்டும் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். இந்தியாவில் அதிகம் காணப்படும் டிரைக்கோஃபைட்டான் வயலேசியம் என்ற பூஞ்சை ஒளிராது; அதற்கு டெர்பினாஃபின். 2 வயதுக்குக் குறைவென்றாலோ, கல்லீரல் கோளாறு இருந்தாலோ இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மருத்துவர் சொல்வதே அளவு.

எந்த மாத்திரையானாலும் கீட்டோகோனசோல் 2% ஷாம்பூ வாரம் இருமுறை, 5 நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும். நோயை அது தீர்க்காது, பூஞ்சையின் வித்துகள் மற்ற பிள்ளைகளுக்குப் பரவுவதைக் குறைக்கும். சீப்பும் துண்டும் தனித்தனி. தலையில் அந்த இடம் கொழகொழவென வீங்கிச் சீழ் வடிந்தாலும் கீறிவிடக் கூடாது. அதுவும் பூஞ்சையின் வேலைதான், தாமதித்தால் தழும்பாகி அங்கே முடி முளைக்காமலே போகலாம்.